பாஸ்வேர்டு கேட்டால் பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கணினிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், காப்பீடு எல்லாம் இந்த மேடையில் நிறையப் பேசியாச்சு. இன்றைக்கு நாங்கள் பேச வந்திருப்பது ஒரு சின்ன ஜன்னலைப் பற்றி. வீட்டு ஜன்னல் இல்லைங்க. கணினித் திரையின் நடுவில் திடீரென்று வந்து நிற்குமே, "அப்டேட் போடணும், பாஸ்வேர்டு கொடுங்க" என்று கேட்குமே, அந்த ஜன்னல்தான்.

இதைப் போய் ஒரு கூட்டத்தில் பேசணுமா என்று சிலர் நினைக்கலாம். பேசித்தான் ஆகணும். நம் உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கு, கடன் பதிவேடு, ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் இன்றைக்குக் கணினிக்குள்ளே போய்விட்டது. அந்தச் சின்ன ஜன்னலில் நாம் என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் இவ்வளவும் பத்திரமாக இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது.

லினக்ஸ் நமக்கு எப்படி வந்தது?

குழுக்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய டெஸ்க்டாப் கணினிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய கணினிகளில் பல விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொள்ளாது. புதிதாக வாங்கப் பணம் வேண்டும். அதனால் நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப் போடாமல், செலவில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு ஓட்டுகிறவர்கள் பெருகி வருகிறார்கள்.

லினக்ஸ் நம் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006-07 வாக்கிலேயே தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கான லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். ஆக, சின்னப் பிள்ளைகளே பழகியதை நாம் பழகமுடியாதா?

பழகிவிடலாம். ஆனால் லினக்ஸுக்கு வந்ததும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இந்த பாஸ்வேர்டு ஜன்னல்தான். இந்த ஜன்னல் வந்ததும் நம்மில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறோம். ஒரு சாரார் "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' பட்டனை அழுத்திவிடுகிறார்கள். இன்னொரு சாரார் எது கேட்டாலும் படிக்காமல் பாஸ்வேர்டை அடித்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்புதான். முதலாமவர் வீட்டுக் கூரையில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்த கொத்தனாரைத் திருப்பி அனுப்புகிறார். இரண்டாமவர் கதவைத் தட்டியவர் யார் என்று பார்க்காமலே சாவியை நீட்டுகிறார்.

அப்டேட் என்றால் என்ன?

கணினியில் ஓடுகிற மென்பொருள் எல்லாம் மனிதர்கள் எழுதியதுதான். அதில் ஓட்டைகள் இருக்கும். எழுதியவர்களோ மற்றவர்களோ ஓட்டையைக் கண்டுபிடித்தால், அதை அடைத்து ஒரு திருத்தத்தை அனுப்புவார்கள். அதுதான் அப்டேட். புது அலங்காரமும் புதுப் பட்டன்களும் சில சமயம் கூடவே வரும். ஆனால் முக்கியமான வேலை ஓட்டை அடைப்பதுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். திருத்தம் வெளியான அன்றே, எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யார் யார் இன்னும் அடைக்கவில்லை என்றுதான் அவன் தேடுவான்.

2017-ல் நடந்ததைச் சொல்கிறோம். விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது. பலர் போடவில்லை. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற தீய நிரல் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கணும்னா பணம் கட்டு என்று கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் மாட்டின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் சிக்கின. மார்ச் மாதமே திருத்தம் போட்டவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். இது விண்டோஸில் நடந்த கதை. ஆனாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதன் விலை எந்தக் கணினியிலும் ஒன்றுதான்.

சரி, அப்டேட் நல்லதுதான்னா பாஸ்வேர்டு எதற்கு?

நல்ல கேள்வி. பதில் நம் குழு நடைமுறையிலேயே இருக்கிறது.

நம் குழுவின் வங்கிக் கணக்கில் பணம் கட்டுவதற்கு யார் போனாலும் வங்கியில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பணம் எடுக்கணும்னா? தீர்மானம் வேண்டும், பொறுப்பாளர்கள் கையெழுத்து வேண்டும். ஒருவர் மட்டும் போய் எடுக்க முடியாது. இதை யாரும் "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா" என்று கோபித்துக்கொள்வதில்லை. பொதுப் பணம், பொதுவான பாதுகாப்பு, அவ்வளவுதான்.

லினக்ஸும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதில் இரண்டு விதமான அதிகாரம் உண்டு. ஒன்று சாதாரணப் பயனர். கணக்கு எழுதலாம், கடிதம் அடிக்கலாம், இணையம் பார்க்கலாம், தன் கோப்புகளைத் தானே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று நிர்வாகி. இதை லினக்ஸ்காரர்கள் 'ரூட்' என்பார்கள். ரூட் என்றால் வேர். வேரில் கை வைத்தால் மரம் முழுவதும் அசையும். புது மென்பொருள் போடுவது, இருப்பதை நீக்குவது, புதுப் பயனரைச் சேர்ப்பது இதெல்லாம் வேர் வேலை. கணினியில் உள்ள எல்லோரையும் பாதிக்கிற வேலைக்கு நிர்வாகியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துதான் பாஸ்வேர்டு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் புதுச்சேரியில் சொத்துப் பத்திரம் எழுத நொத்தேர் முன்னால் போய் உட்கார வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. பாஸ்வேர்டு ஜன்னலையும் அந்த நொத்தேர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த வேலை நடக்கப் போகிறது, தெரிந்துதான் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நொத்தேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டுமா?

இங்கேதான் உலகத்தில் லினக்ஸ் செய்கிறவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் அதையும் சொல்லிவிடுகிறோம்.

2009 நவம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸின் 12-ஆம் பதிப்பு வந்தது. அதில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பயனர் கூட, ஃபெடோராவின் முத்திரை பெற்ற மென்பொருளை நிர்வாகி பாஸ்வேர்டு இல்லாமலே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்துகிற கணினிக்கு இது சௌகரியம்தானே என்று நினைத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம், கல்லூரி, அலுவலகம் மாதிரி பலர் உட்காருகிற கணினி என்னாகும்? பொறுப்பாளருக்குத் தெரியாமல் யார் வேண்டுமானாலும் எதையாவது போட்டுவிட்டுப் போகலாமே! பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே ஃபெடோரா அந்த முடிவை மாற்றி, பாஸ்வேர்டு கேட்கும்படி திருத்தம் வெளியிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை 2012-ல். லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவர்களே கோபப்பட்டார். பள்ளியிலிருந்து அவர் மகள் போன் செய்து, பிரிண்டரைச் சேர்க்க முடியவில்லை, ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது என்றாராம். அந்தக் கணினியில் இருந்தது ஓப்பன்சூசே என்ற லினக்ஸ். ஒரு பிரிண்டர் சேர்க்கவும் வைஃபையில் இணையவும் நேரம் மாற்றவும் கூடவா வேரின் சாவி வேண்டும் என்று பகிரங்கமாகவே திட்டித் தீர்த்தார்.

யார் சொன்னது சரி? இரண்டு பேருமே சரி. சின்ன வேலைக்கெல்லாம் பெரிய சாவி கேட்டால் மக்கள் சலித்துப்போய் பெரிய சாவியைத் தெருவிலேயே வைத்துவிடுவார்கள். மானிட்டரில் பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைத்திருப்பதை நாம் பார்த்ததில்லையா! பெரிய வேலைக்குச் சாவியே கேட்காவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைவார்கள். ஆகவே எது கட்டுகிற பணம், எது எடுக்கிற பணம் என்று பிரிக்கத் தெரியணும்.

இன்றைய லினக்ஸ்களில் இந்தப் பிரிவினை ஓரளவு வந்துவிட்டது. உதாரணமாக உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே இறங்கிப் பொருந்துகிற ஏற்பாடு இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு முறையும் யாரும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நம் கணினியில் இருக்கிற மென்பொருள், ஏற்கெனவே நாம் நம்புகிற இடத்திலிருந்து, முத்திரையோடு வருகிறது. அதனால் அது கட்டுகிற பணம் மாதிரி. புதிய மென்பொருள், அதுவும் புதிய இடத்திலிருந்து வருகிறது என்றால் அது எடுக்கிற பணம். அதற்குக் கையெழுத்து வேண்டும், தீர்மானமும் வேண்டும்.

முத்திரை என்றோமே, அது என்ன? லினக்ஸில் மென்பொருளை ஆயிரம் இடத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தந்த லினக்ஸ் நிறுவனமே ஒரு களஞ்சியம் வைத்திருக்கும். நம் ரேஷன் கடைக்கு அரசுக் கிடங்கிலிருந்து மூட்டை வருகிற மாதிரி. களஞ்சியத்திலிருந்து வருவதற்கெல்லாம் மின்முத்திரை உண்டு. வழியில் யாராவது மூட்டையை மாற்றியிருந்தால் முத்திரை பொருந்தாது, கணினியே "இது வேண்டாம்" என்று நிறுத்திவிடும். ஆனால் பென்டிரைவில் யாரோ கொண்டுவந்து கொடுத்த மென்பொருளுக்கு இந்தச் சோதனை இருக்கும் என்று சொல்ல முடியாது. அதை நிறுவ நாம் பாஸ்வேர்டு கொடுத்தால், அது உள்ளே போய் வேர் அதிகாரத்தோடு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பூட்டே பழுதானால்?

சில சகோதரிகள் கேட்பார்கள்: "நாங்கதான் பலமான பாஸ்வேர்டு வைத்திருக்கிறோமே, அப்டேட் போடாவிட்டால் என்ன?"

லினக்ஸில் நிர்வாகி அதிகாரத்தைக் கொடுத்து வாங்குகிற வாயிற்காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர் 'சூடோ', இன்னொருவர் பெயர் 'போல்கிட்'. 2021 ஜனவரியில் சூடோவில் ஒரு ஓட்டை இருப்பதை குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. 2011-லிருந்தே அந்த ஓட்டை இருந்திருக்கிறது, ஏறக்குறைய 10 ஆண்டு! அதைத் தெரிந்த சாதாரணப் பயனர் யாராக இருந்தாலும், பாஸ்வேர்டே தெரியாமல் ரூட் ஆகிவிடலாம். அடுத்த ஆண்டு, 2022 ஜனவரியில், போல்கிட்டிலும் அதே போல ஒன்று வெளிவந்தது. அது 2009-லிருந்து இருந்த ஓட்டை. இரண்டுக்கும் திருத்தம் உடனுக்குடன் வந்துவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பாஸ்வேர்டு என்பது சாவி. சாவி எவ்வளவு பலமாக இருந்தாலும் பூட்டு பழுதானால் கதவு திறந்துகொள்ளும். பூட்டைப் பழுது பார்ப்பதுதான் அப்டேட். அப்டேட்டை மறுத்துவிட்டு பாஸ்வேர்டை மட்டும் நம்பி உட்காருவது, துருப்பிடித்த பூட்டுக்குத் தங்கச் சாவி செய்த கதைதான்.

சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

இதுதான் இன்றைக்கு நாம் முடிவெடுக்க வேண்டிய விஷயம். பல இடங்களில் கணினியைப் போட்டுக் கொடுத்த தம்பியிடம்தான் பாஸ்வேர்டு இருக்கும். அல்லது ஒரே ஒரு கணக்காளரிடம் இருக்கும். அவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போனால், திருமணமாகி வெளியூர் போனால், கோபித்துக்கொண்டு விலகினால்? மாதக்கணக்கில் அப்டேட் நின்றுபோகும். கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஓட்டைகளோடு.

இந்த இடத்தில் நம் ஊரிலேயே நடந்த ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறோம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. எம்பலம் போன்ற ஊர்களில் பெண்களே முன்னின்று அந்த மையங்களை நடத்திக் காட்டினார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டு ஊருக்குத் தகவல் சொன்னார்கள். மீனவர் கிராமங்களில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை ஒலிபெருக்கியில் தினமும் அறிவிப்பார்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் நீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னதும், உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்துக்கு ஓடினார்கள். மையம் பூட்டியிருந்தது. உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள்.

அன்றைக்கு உடைத்தது சரியான காரியம். உயிரை விடப் பூட்டு பெரிசா? ஆனால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பூட்டு இருக்க வேண்டியதுதான். ஆனால் அவசரத்துக்குத் திறக்கிற இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று ஊருக்குள் நாலு பேருக்காவது தெரிந்திருக்கணும். கணினிச் சாவிக்கும் இதே நியாயம்தான்.

நாங்கள் முன்வைக்கும் நடைமுறை

ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளும்படி இதைச் சொல்கிறோம்.

1. கணினியில் இரண்டு பயனர் கணக்கு இருக்கட்டும். தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு. நிர்வாக வேலைக்குத் தனிக் கணக்கு. லினக்ஸைப் போடும்போது முதலில் உருவாகும் கணக்கு பெரும்பாலும் நிர்வாகி அதிகாரத்தோடுதான் வரும். அதையே தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. நிர்வாகி பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் வேண்டாம், பத்துப் பேருக்கும் வேண்டாம். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இரண்டு பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வையுங்கள். மூன்றாம் ஆள் பிரிக்க நேர்ந்தால் தேதியும் காரணமும் நோட்டில் எழுத வேண்டும்.

3. பொறுப்பாளர்கள் மாறும்போது வங்கியில் கையெழுத்து மாற்றுகிறோம் அல்லவா, அதே வாரத்தில் கணினி பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பழைய பொறுப்பாளர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. இது மரபு.

4. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும் ஏற்பாடு உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். இல்லாவிட்டால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுக் கூட்டம் நடக்கிற நாளன்று வேண்டாம், கணக்கு முடிக்கிற நேரத்தில் சிக்கல் வரக்கூடாது.

5. அப்டேட் ஓடும்போது பாதியில் கணினியை அணைக்காதீர்கள். நம் ஊர் மின்சாரம் எப்போ போகும் எப்போ வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இருந்தால் அது சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் நின்றால் மென்பொருள் அரைகுறையாகிவிடும். சரிசெய்துவிடலாம், ஆனால் அது தனி வேலை.

6. பாஸ்வேர்டு அடிக்கும் முன் மூன்று கேள்வி. ஒன்று, இதை நாமே தொடங்கினோமா? இரண்டு, ஜன்னலில் எழுதியிருப்பது என்ன? மூன்று, மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வருகிறதா, வெளியிலிருந்தா? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மட்டும் கையெழுத்து.

7. புது மென்பொருள் வேண்டும் என்றால் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போடுங்கள். என்ன போட்டோம், எந்தத் தேதி என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சில சந்தேகங்கள்

"இணையம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கணினிக்கு ஆபத்து, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று பெரிய எழுத்தில் வருகிறதே?" அது பெரும்பாலும் ஏமாற்று. நம் கணினியின் அப்டேட், கணினியின் சொந்த அப்டேட் செயலி வழியாகத்தான் வரும். இணையப் பக்கத்துக்குள்ளே வருகிற எந்தப் பெட்டியிலும் நிர்வாகி பாஸ்வேர்டை அடிக்காதீர்கள். "நாங்கள் கணினிக் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், பாஸ்வேர்டு சொல்லுங்கள்" என்று போன் வந்தாலும் அப்படியே. வங்கி ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்கிறோமே, அதே கட்டுப்பாடு இதற்கும்.

"கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை, விசைப்பலகை கெட்டுவிட்டதா?" இல்லைங்க. பல லினக்ஸ்களில் அந்தத் திரையில் புள்ளி கூடக் காட்டாது. எத்தனை எழுத்து என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. நிதானமாக அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

"நிர்வாகி பாஸ்வேர்டு பத்திரமாக இருந்தால் எங்கள் கணக்கும் பத்திரம்தானே?" இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நிர்வாகி பாஸ்வேர்டு கணினியின் வேரைக் காக்கும். ஆனால் தினசரிக் கணக்கில் இருந்துகொண்டு திறந்த ஒரு தீய கோப்பு, அந்தக் கணக்குக்குச் சொந்தமான கோப்புகளை அழிக்கப் பாஸ்வேர்டே தேவையில்லை. நம் கடன் பதிவேடு இருப்பது அங்கேதான். ஆகவே வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, வேறு இடத்தில் வையுங்கள். இதற்கு மாற்று கிடையாது.

"பாஸ்வேர்டு மறந்துபோனால் எல்லாம் போச்சா?" போகாது. வட்டை மறையாக்கம் செய்யாத பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில், கணினி முன்னால் உட்கார்ந்து மீட்கும் வழி உண்டு. தெரிந்தவர் உதவியோடு செய்யலாம். ஆனால் நமக்கு உள்ள அதே வழி திருடனுக்கும் உண்டு என்பதை மறக்காதீர்கள். அதனால்தான் கணினி இருக்கிற அறைக்கும் நல்ல பூட்டு வேண்டும் என்கிறோம்.

நிறைவாக

சகோதரிகளே, கணினி வந்த புதிதில் அது படித்தவர்கள் சமாச்சாரம், ஆண்கள் சமாச்சாரம் என்றுதான் நம்மைத் தள்ளி வைத்தார்கள். வங்கிக்குள் நுழையவே தயங்கிய நாம் இன்றைக்குக் கூட்டுக் கையெழுத்துப் போட்டுப் பல லட்சம் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிறோம். காசோலையில் கையெழுத்துப் போடும் முன் தொகையைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு, பாஸ்வேர்டு போடும் முன் ஜன்னலைப் படிப்பது பெரிய காரியமே இல்லை.

கணினியின் சாவி நம் கையில் இருக்க வேண்டும். கணினி போட்டுக் கொடுத்த தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு நன்றி சொல்லி, சாவியை வாங்கிக்கொள்வோம். சொந்தக் கணினிக்குச் சொந்தக்காரர் என்பது ரசீதில் பெயர் இருப்பதால் மட்டும் வருவதில்லை. எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கிறவர்தான் சொந்தக்காரர்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று விவரம் கொண்டுவரணும் என்று கேட்டுக்கொள்கிறோம்: உங்கள் கணினியில் கடைசியாக அப்டேட் போட்டது என்றைக்கு, நிர்வாகி பாஸ்வேர்டு தெரிந்த இரண்டு பேர் யார், கடைசியாக நகல் எடுத்த தேதி எது. பாஸ்வேர்டை மட்டும் கொண்டுவர வேண்டாம். அதை எங்களிடம் கூடச் சொல்லாதீர்கள்!